பெட்டிக்குள் பெரியப்பாவின் கடைசி வரி

நூற்று அறுபத்தெட்டு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். ஏழு நாள் என்று எழுதினால் ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துக்கொள்ளலாமா என்று யாராவது கேட்பார்கள். மணியில் எழுதினால் யாரும் எதையும் கழிக்க முடியாது. நாடக அனுமதி அலுவலகம் இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துவிடும்.

கடிதம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு லண்டன் லாம்பெத்தில் இருக்கும் க்ரேன் சந்து நாடகசாலைக்கு வந்தது. முதலாளியம்மா மிஸஸ் வேல் அதை இரண்டு முறை மனதுக்குள் படித்தார். பிறகு டோர்க்கஸ் பென்ஃபோல்டைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். டோர்க்கஸ் அங்கே பிரதி எழுதுகிறவள். முப்பது வயது. மற்றவர்கள் பேச வேண்டியதை எழுதித் தருவதுதான் அவள் வேலை. அவளாகப் பேசுவது குறைவு. சத்தமாகப் படிப்பது அவளுக்குப் பிடிக்காது. படித்தாள்.

"'பெட்டிக்குள் பெரியப்பா' என்னும் ஓரங்க நகைச்சுவை நாடகம், அனுமதி பெற்ற பிரதியில் இல்லாத ஒரு கடைசி வரியுடன், பதினொரு ஆண்டுகளில் நானூற்றுப் பன்னிரண்டு முறை ஆடப்பட்டதாக இவ்வலுவலகம் அறிகிறது. மேற்படி வரியை நானூற்றுப் பன்னிரண்டு முறையும் உச்சரித்தவர் நடிகர் ஜோஸியா ப்ளாம். மேற்படி நாடகம் அச்சான வரலாறும் ஆடப்பட்ட வரலாறும் முழுமையாக எழுதப்பட்டு, 168 மணி நேரத்துக்குள் சமர்ப்பிக்கப்பட வேண்டும். வரி எவருடையது என்று நிறுவப்படாவிட்டால், அது உச்சரித்தவருடையதாகவே கொள்ளப்படும். அவ்வாறு கொள்ளப்பட்டவர் இந்த ராஜ்யத்தின் எந்த மேடையிலும் இனி வாய் திறக்க மாட்டார்."

"மாட்டாரா? திறக்கக் கூடாதுன்னு போடலையா?" என்றார் மிஸஸ் வேல்.

"மாட்டார்னுதான் போட்டிருக்கு, மேடம்."

"அது இன்னும் மோசமாச்சே."

கடிதத்தின் கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. விசாரணை முடியும்வரை நாடகத்தை வழக்கம்போல் ஆட வேண்டும். நிறுத்தினால் சாட்சியத்தை அழித்ததாகும். அப்படி ஆடப்படும் ஒவ்வொரு முறையும் தனிக் குற்றமாகச் சேர்க்கப்படும்.

ஜோஸியா ப்ளாம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து, கிண்ணத்தில் வேகவைத்த விலாங்கு மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. ஒன்பது வயதில் மேடையேறியவர். கடைக்குப் போய் ரொட்டி கேட்டால்கூட, கேட்டுவிட்டு யாராவது சிரிக்கிறார்களா என்று ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். வேறு தொழில் எதுவும் தெரியாது.

"பாருங்க மேடம், நீங்க விளம்பரத் தாள்ல என் பேர எறும்பு சைஸ்ல போடுறீங்க," என்றார். "கவர்மெண்ட்டு எவ்வளவு பெருசா எழுதியிருக்கு!"

"உங்க வாய அடைக்கப் போறாங்க, ப்ளாம். சிரிக்காதீங்க."

"நான் எங்க சிரிச்சேன்? அது என் மூஞ்சி."

பெட்டிக்குள் பெரியப்பா நாற்பது நிமிஷ நாடகம். பெரிய துயர நாடகம் முடிந்த பிறகு, அழுத முகத்தோடு ஜனங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது என்பதற்காகப் போடுவது. கடன்காரனுக்குப் பயந்த இளைஞன் ஒருவன் தன் பெரியப்பாவைத் துணிப்பெட்டிக்குள் ஒளித்துவைப்பான். அதே பெட்டிக்குள் வீட்டுக்காரியும் சமையல்காரியும் இன்னும் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒளிந்துகொள்வார்கள். கடைசியில் காவலர் ஒருவர் தடியால் பெட்டியைத் தட்டி, "உள்ளே எத்தனை பேர்? உண்மையைச் சொல்!" என்பார். பெரியப்பா மூடியைத் தொப்பிபோலத் தலையால் தூக்கி, சபையைப் பார்த்து ஒரு வரி சொல்லிவிட்டு, மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். திரை விழும். அந்த ஒரு வரிக்காகத்தான் பதினொரு வருஷமாகக் கூட்டம் வந்தது.

நாடகக்காரர்கள் கடைசி வரியை வால் என்பார்கள். ஒத்திகையில் வாலைச் சொல்லவே கூடாது. காலி நாற்காலிகளுக்கு முன்னால் வாலைச் சொன்னால் நாடகம் அத்தோடு செத்துப்போகும் என்பது நம்பிக்கை. இந்த இடம் வந்ததும் நடிகர் "வால்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். இவர்களோடு நீண்ட நாள் பழகியவர்களுக்கும் இந்தப் பயம் ஒட்டிக்கொள்ளும். அதனால் அந்த வரியை இங்கேயும் எழுதுவதற்கில்லை.

இந்தப் பழக்கத்தால், முதல் நாள் ஆட்டம் வரைக்கும் ப்ளாம் என்ன சொல்லப்போகிறார் என்பது ப்ளாமைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்று அவர் சொன்னார். முன்னூறு பேர் இருக்கையை விட்டு எழுந்து சிரித்தார்கள். நாடகத்தை எழுதிய ஃபிலிப் ஆர்மிட்டேஜ் திரைமறைவில் திகைத்து நின்றார். அந்த வரி அவர் எழுதியதல்ல. ப்ளாம் சொந்தமாகச் சேர்த்தது என்று நினைத்தார். ப்ளாமோ தன் வசனத் தாளில் இருந்ததைத்தான் சொன்னார். ஆர்மிட்டேஜ் எழுதியது என்று நினைத்தார். ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள இருவருக்கும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பத்திரிகைகள் ஆர்மிட்டேஜைப் புகழ்ந்தன. அவர் மறுக்கவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் நெஞ்சுச் சளியில் இறந்தபோது, அந்த வரியையே கல்லறைக் கல்லில் செதுக்கினார்கள்.

வரி எங்கிருந்து வந்தது என்று டோர்க்கஸுக்குத் தெரியும். முதல் நாள் ஆட்டத்தில், முன்னூறு பேர் சிரித்துக்கொண்டிருக்கையிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை மாற்றி எழுதினாலும் பிரதிக்காரிக்கு இடமில்லை என்பது மிஸஸ் வேலின் சட்டம். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நாளை சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாளும் அதே சிரிப்பு. அதற்கு மறுநாளும்.

"நீதான் எழுதணும்," என்றார் மிஸஸ் வேல் இப்போது. "உன் கையெழுத்துதான் அழகு."

செவ்வாய்க்கிழமை அச்சான வரலாற்றை எழுதினாள். அது பெரிதாக இல்லை. முதல் பதிப்பில் வால் அச்சாகவில்லை. போட்டிக் கம்பெனிகள் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று ஆர்மிட்டேஜ் தடுத்துவிட்டார். 'பெரியப்பா' என்று பெயர் போட்டு, எதிரில் ஒரு நீளமான கோடு. இரண்டாம் பதிப்பில் இடம் போதாமல் கோட்டைச் சிறிதாக்கினார்கள். மூன்றாம் பதிப்பில் அச்சுக்கோர்ப்பவர் அது ஏதோ அழுக்கு என்று எடுத்துவிட்டார். 'பெரியப்பா' என்ற பெயருக்குப் பிறகு ஒன்றுமில்லை. அதற்குக் கீழே நேராக ஒரு மருந்து விளம்பரம் இருந்தது.

வெளியூர்க் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தாள். லீட்ஸிலிருந்து மறுதபாலில் பதில் வந்தது. அவர்கள் பெரியப்பா ஆறு வருஷமாகப் பெட்டியிலிருந்து தலையை நீட்டி, "கால் ஆணிக்கு மேன்மையான பிளாஸ்திரி, எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கும்" என்று சொல்கிறாராம். ஜனங்களுக்கு ஏன் என்று புரியவில்லை. ஆனாலும் மரியாதையாகக் கை தட்டுகிறார்களாம். நாரிட்ஜ் கம்பெனி முதலாளியின் மனைவி எழுதியிருந்தார்: 'எங்க பெரியப்பா ஒண்ணும் சொல்றதில்லை. தும்முவார். அவருக்கு அது நல்லா வரும்.'

புதன்கிழமை இந்தத் தாள்களோடு டோர்க்கஸ் அலுவலகத்துக்குப் போனாள். வரலாறு எழுதும் படிவத்தை நேரில் வந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே நீளமான நடை, ஜன்னல் கிடையாது. சுவரை ஒட்டிய பெஞ்சில் ஒரு மனிதர் மடியில் ஒரு கட்டுத் தாளோடு உட்கார்ந்திருந்தார்.

"நகர்ந்து உக்காருங்கம்மா, அந்தப் பக்கம் ஈரம்," என்றார். "பேசுற வாத்து நாடகம் என்னுது. வாத்து என்ன பேசுதுன்னு விளக்கம் கேட்டாங்க."

"எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"நான் வந்தப்ப அந்த வாத்து உயிரோட இருந்துச்சு."

அவர் சிரிப்பார் என்று டோர்க்கஸ் எதிர்பார்த்தாள். அவர் தாள்களைச் சரிசெய்துகொண்டார்.

குமாஸ்தா மிஸ்டர் டாப்ளின் மெலிந்த மனிதர். பேசும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார். அவர் பார்ப்பது தாளை. படிவத்தை அவளிடம் தள்ளினார். நாள், ஊர், அரங்கு. எந்த இடத்தில் சிரித்தார்கள், எத்தனை நொடி சிரித்தார்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. கடைசிக் கட்டத்தில் 'சிரிப்பின் தரம்' என்று போட்டு, ஒழுக்கமானது, ஒழுக்கமற்றது என்று பிரித்திருந்தது.

"எப்படிப்பட்ட சிரிப்புன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"சிரிச்சவங்களுக்குத் தெரியும். பேர் போடுங்க, நாங்க கூப்பிட்டுக் கேட்டுக்கறோம்." டாப்ளின் நாரிட்ஜ் கடிதத்தை எடுத்துப் பார்த்தார். "இந்தத் தும்மல். இதோட வாசகம் எங்க?"

"தும்மலுக்கு வாசகம் கிடையாதுங்களே."

"அப்போ அனுமதியும் கிடையாது." ஒரு குறிப்பு எழுதிக்கொண்டார். நாரிட்ஜில் ஒரு மனிதருக்கு இனி என்ன ஆகும் என்று டோர்க்கஸ் யோசித்தாள். தான் கடிதம் எழுதிக் கேட்டிருக்கவே கூடாது என்று பட்டது.

"லண்டன்ல சொல்ற வரி இருக்கே, சார், அது என்னன்னு நானே..."

டாப்ளின் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "இங்க சொல்லிடாதீங்க! வெளியில வாத்துக்காரர் இருக்காரு. ரெண்டு பேர் காதுல விழுந்தா அது நிகழ்ச்சி. அனுமதியில்லாத நிகழ்ச்சி. அதுவும் இந்தக் கட்டடத்துக்குள்ள!"

"கதவச் சாத்திட்டு உங்க கிட்ட மட்டும் சொன்னா?"

"ஒருத்தர் கேட்டா அது வதந்தி. வதந்திய இங்க பதிவு பண்றதில்ல."

"எழுதித் தரட்டுமா?"

"எழுதித் தந்தா அது புது நாடகம். ஏழு நாள் முன்னாடி தரணும். உங்களுக்கு இருக்கறது..." கடிகாரத்தைப் பார்த்தார். "நூத்திப் பதினஞ்சு மணி நேரம்."

"அப்போ நீங்க வரிய எப்படித் தெரிஞ்சுக்குவீங்க, சார்?"

"நாங்க ஏன் தெரிஞ்சுக்கணும்?" டாப்ளின் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே புரியாத முகம். "குற்றம் என்னன்னு தெரியும். குற்றவாளி யாருன்னும் தெரியும். வரி எதுக்கு?"

வியாழக்கிழமை ஆட்டத்துக்குச் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவர் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்தார், ஆனால் மேடைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்து உட்கார்ந்தார். கையில் பென்சிலும் ஒரு சின்ன விளக்கும். யாராவது சிரித்தால் விளக்கை உயர்த்தி முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுவார். யாரையும் மிரட்டவில்லை. ஒருமுறை ஒரு பெண் சிரித்துச் சிரித்து இருமினாள். பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்துக் கொடுத்து, பெயர் கேட்டு எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜனங்கள் கைக்குட்டைக்குள் சிரித்தார்கள். மேல்வரிசையில் உட்காரும் மூட்டை தூக்குகிறவர்கள், எதற்கும் அஞ்சாதவர்கள், அவர்களும் தொப்பியை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. காவலர் தடியால் தட்டினார். "உள்ளே எத்தனை பேர்? உண்மையைச் சொல்!" ப்ளாம் மூடியைத் தலையால் தூக்கினார். டோர்க்கஸ் திரைமறைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் கோட்டுக்காரரின் விளக்கு மெல்ல உயர்ந்தது. ப்ளாம் வரியைச் சொன்னார். பதினொரு வருஷமாகச் சொன்ன அதே குரல், அறிவிப்புப் பலகையைப் படிப்பது போன்ற குரல். முன்னூறு பேர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த சமையல்காரி வேஷக்காரிதான் பயத்தில் விசும்பினாள்.

ப்ளாம் மூடியை மூடவில்லை. வழக்கமாகச் சிரிப்பு அடங்கும் வரைக்கும் காத்திருந்துதான் மூடுவார். அப்படியே தலையில் மூடியோடு காத்திருந்தார். திரையை இறக்க வேண்டியவர் நெடுநேரம் கழித்துத்தான் இறக்கினார்.

ஞாயிறு மதியம் டோர்க்கஸ் கென்னிங்டன் லேனில் இருக்கும் அவர் அறைக்குப் போனாள். ப்ளாம் உள்ளே வரும்படி சைகை காட்டினார். நாற்காலியைக் காட்டினார். தேநீர்ப் பாத்திரத்தைக் காட்டினார்.

"பேசுங்க, மிஸ்டர் ப்ளாம். இங்க யாரும் இல்ல."

அவர் ஜன்னலைச் சாத்தினார். "காலையில பால்காரன் குட் மார்னிங்னு சொன்னான், கண்ணு. பதிலுக்குச் சொல்ல வாயெடுத்தேன். இதுக்கு அனுமதி இருக்கான்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அவன் போயே போயிட்டான்."

"அது மேடைக்கு மட்டும்தான்."

"எனக்கு எது மேடை, எது தெருன்னு அம்பது வருஷமாவே தெரியாது. அவங்களுக்கு மட்டும் தெரியுமா?" கையை உரசிக்கொண்டார். "ஒண்ணு பண்ணு. ஆர்மிட்டேஜ்தான் எழுதினான்னு எழுதிடு. உண்மையும் அதுதான. செத்தவன என்ன பண்ணிருவாங்க?"

"நேத்து கல்லறைக்குப் போயிருக்காங்க. கல்லுல இருக்கற வரிமேல சாக்கு போட்டுக் கட்டிட்டாங்க. முத்திரை வெச்சு."

ப்ளாம் தேநீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மூடினார். "பூ வைக்கவாவது விட்டாங்களா?"

"பூவ விட்டாங்க. அதுல எழுத்து எதுவும் இல்லங்கறதால."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"அப்போ நான்தான் சேத்தேன்னு ஒத்துக்கறேன்," என்றார். "ஒத்துக்கிட்டா கொஞ்சம் இறங்கி வருவாங்க இல்ல?"

"நீங்க சேக்கல."

"உனக்கு எப்படிம்மா தெரியும்? நானே ஒருவேள சேத்திருப்பேனோ என்னவோ. இந்த ஆறு நாளா யோசிச்சு யோசிச்சு, தாள்ல பார்த்த ஞாபகமே போயிடுச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். டோர்க்கஸ் கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். ஊற்றும் வரைக்கும் பேச வேண்டியதில்லை. நிறைந்த பிறகும் ஊற்றினாள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மிஸஸ் வேல், ப்ளாம், டோர்க்கஸ் மூவரும் அலுவலகத்துக்குப் போனார்கள். வாத்து நாடகக்காரர் பெஞ்சில் இல்லை. அவர் உட்கார்ந்திருந்த இடம் துடைக்கப்பட்டிருந்தது. "அவர் எங்க?" என்று டாப்ளினிடம் கேட்டதற்கு, "எவர்?" என்றார்.

உள்ளே தலைமைப் பரிசோதகர் சர் ஜெர்வேஸ் கோல்பெக் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மீசை, சுத்தமான கைகள். அவர் பேசினால் அச்சில் வருவது போலவே இருக்கும். மூலையில் சாம்பல் கோட்டுக்காரர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார். டோர்க்கஸ் எழுதிய வரலாறு, நாற்பத்தொரு பக்கம், மேஜைமேல் இருந்தது. அதைக் கட்டியிருந்த நாடா அவிழ்க்கப்படவில்லை.

"படித்தீர்களா, சர்?" என்றார் மிஸஸ் வேல், தனக்குத் தெரிந்த மிக உயர்ந்த குரலில்.

"வரலாறு எழுதப்பட வேண்டும் என்பதே விதி. படிக்கப்பட வேண்டும் என்று விதியில்லை." சர் ஜெர்வேஸ் அன்பாகச் சொன்னார். "அம்மணி, இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்நாட்டின் நாடகங்களை நான் வாசித்துத் திருத்தி வருகிறேன். இதுவரை ஒன்றையும் பார்த்ததில்லை. பார்த்தால் பிடித்துப்போகக்கூடும். பிடித்துப்போன ஒன்றை நடுநிலையோடு எப்படி வெட்டுவது?"

மிஸஸ் வேல் நாடா அவிழாத கட்டைப் பார்த்தார்.

"மக்கள் சிரிக்கக் கூடாது என்று இவ்வலுவலகம் ஒருநாளும் சொன்னதில்லை. எதற்குச் சிரிக்கிறோம் என்று ஒரு கணம் நின்று யோசியுங்கள் என்கிறோம். யோசித்தால் அவர்களே நிறுத்திவிடுகிறார்கள். சனிக்கிழமை அறிக்கையைப் பாருங்கள். முன்னூறு பேர், ஒரு சிரிப்புகூட இல்லை. வெட்டு இல்லை, தடை இல்லை, வன்முறை இல்லை. இதைவிடப் பண்பட்ட ஒரு மாலைப்பொழுது லாம்பெத் வரலாற்றில் இருந்திருக்காது."

சாம்பல் கோட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேலும்," என்று சர் ஜெர்வேஸ் ஒரு பழைய கட்டைக் கையால் தட்டினார், "அனுமதி பெற்ற பிரதி இது. ஒவ்வொரு பக்கத்திலும் என் முத்திரை. இதில் உள்ள ஒவ்வோர் எழுத்தும் சட்டப்படியானது. இதில் இருப்பதை உச்சரித்தவர்மேல் குற்றமே இல்லை; கடவுளே வந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. இதில் இல்லாததை உச்சரித்தவருக்கு மன்னிப்பும் இல்லை. மிஸ்டர் ப்ளாம், கையெழுத்திடுங்கள்."

டாப்ளின் ஒரு தாளை நீட்டினார். ப்ளாமின் பெயர் ஏற்கெனவே எழுதியிருந்தது. அதற்குக் கீழே, இனி வாய் திறக்க மாட்டேன் என்று நூற்று முப்பது வார்த்தைகளில் இருந்தது. ப்ளாம் பேனாவை வாங்கினார்.

"கையெழுத்து போடறப்ப வாயத் தொறக்கலாமா, சர்? எனக்கு நாக்க நீட்டினாத்தான் எழுத வரும்."

பழக்கத்தால் ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்தார். ஜோஸியா என்பதன் முதல் எழுத்தைப் போடப் போய், இரண்டு முறை பேனாவை எடுத்துவிட்டார்.

"கடைசிப் பக்கம்," என்றாள் டோர்க்கஸ்.

அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "என்ன?" என்றார் சர் ஜெர்வேஸ்.

"உங்க பிரதியில கடைசிப் பக்கத்தைப் பாருங்க, சர்."

"கடைசிப் பக்கத்தில் வரி கிடையாது. அதுவே வழக்கு."

"பாருங்க, சர்."

சர் ஜெர்வேஸ் டாப்ளினைப் பார்த்துத் தலையசைத்தார், ஒரு பிடிவாதக் குழந்தையின் ஆசையை நிறைவேற்றுவது போல. டாப்ளின் கட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தை எடுத்துப் படித்தார்.

"காவலர்: உள்ளே எத்தனை பேர்? உண்மையைச் சொல்! பெரியப்பா: கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், பிஷப். " நிமிர்ந்தார். "இந்த வரி அடிக்கப்பட்டிருக்கு, சர்."

"நான்தான் அடித்தேன். இந்நாட்டு பிஷப்புகள் பெட்டிக்குள் உட்காருவதில்லை."

"அதுக்குக் கீழ சிவப்பு மசியில ஏழு வார்த்தை இருக்கு, சர்."

"என் குறிப்பு. அது எழுத்தாளருக்கு இட்ட ஆணை. அதன்படி எழுத்தாளர் வேறொரு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை."

"எழுத்தாளருக்குன்னு போடல, சர்." டாப்ளினின் குரல் இறங்கியது. "பெரியப்பாங்கற பேருக்கு நேரா இருக்கு. முத்திரையும் இருக்கு."

டோர்க்கஸ் மிஸஸ் வேலைப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

"இந்தப் பிரதிய எங்களுக்கு ஒரு பகல்தான் குடுப்பாங்க. பார்த்து எழுதிட்டுச் சாயங்காலமே திருப்பித் தரணும். அடிச்சத விட்டுட்டு, அடிக்காதது அத்தனையும் எழுதணும், ஒரு புள்ளி மாத்தக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருந்தாங்க. எங்ககிட்ட இருந்தது கருப்பு மசி ஒண்ணுதான். எல்லாத்தையும் அதுலயே எழுதினேன்." மூச்சு வாங்கினாள். "பெரியப்பாவுக்கு நேரா இருந்ததால பெரியப்பாவோட தாள்ல எழுதினேன். வால ஒத்திகையில சொல்ல மாட்டாங்க. அதனால முதல் நாள் வரைக்கும் யாருக்கும் தெரியல."

"பென்ஃபோல்ட்!" என்றார் மிஸஸ் வேல். வேலை போயிற்று என்பது அந்தக் குரலிலேயே இருந்தது.

ப்ளாம் நிமிர்ந்தார். "அப்போ ஆர்மிட்டேஜ் எழுதலையா?"

"இல்ல, மிஸ்டர் ப்ளாம்."

"நானும் சேக்கலையா?"

"நீங்க எதையும் சேக்கல. என்ன எழுதியிருந்துச்சோ அதத்தான் சொன்னீங்க."

ப்ளாம் பேனாவை மேஜைமேல் வைத்தார், மிக மெதுவாக, சத்தம் வந்துவிடக் கூடாது என்பது போல. சர் ஜெர்வேஸின் கை பிரதியை நோக்கிப் போய், பாதியில் நின்றது. பதினொரு வருஷத்துக்கு முன் எழுதியது. எத்தனையோ நாடகங்களில் எத்தனையோ குறிப்புகள். அவருக்கு நினைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என்ன எழுதியிருக்கிறேன்?" என்றார். அச்சில் வருவது போல இல்லை அந்தக் குரல்.

டாப்ளின் தாளை மார்போடு அணைத்துக்கொண்டார். "சர், அறையில ஆறு பேர் இருக்கோம். படிச்சா அது நிகழ்ச்சி..."

"சொல் பெண்ணே. நானூற்றுப் பதினைந்து முறை இந்த மனிதர் பெட்டியைத் திறந்து என்ன சொன்னார்?"

டோர்க்கஸ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சர் ஜெர்வேஸின் முகத்தை நேராகப் பார்த்தாள். நடையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"'இவ்விடத்தில் எவர் மனமும் புண்படாத ஏதேனும் ஒன்று கூறப்படும்.'"